நான் எண் போட்ட பக்கங்கள்

ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். சிதம்பரத்தில் ஸ்டேஷன் போகிற ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். வீடு கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில். தினமும் பஸ். கூட்டத்தில் நின்றுகொண்டே போய், நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்று, நின்றுகொண்டே திரும்பி வருவேன்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இன்ஜினீயரிங் பிள்ளைகள். அவர்கள் புத்தகம் வாங்க மாட்டார்கள். முன்னால் படித்து நல்ல மார்க் வாங்கின யாராவது ஒருவரின் கையெழுத்து நோட்டைக் காப்பி எடுத்துப் படிப்பார்கள். அப்படி ஒரு நோட்டு கைக்குக் கிடைத்தால் நாங்கள் முழுசாக ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்வோம். அது மாஸ்டர். அப்புறம் யார் கேட்டாலும் அந்த மாஸ்டரிலிருந்து எடுத்துக் கொடுப்போம். அது செட்.

எங்கள் கடையில் அதிகம் ஓடினது சி.ஏ. செட். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர். கம்ப்யூட்டருக்குள்ளே கணக்கு எப்படி நடக்கிறது, எது எங்கே போய் எங்கே திரும்பி வருகிறது என்கிற பாடம் என்று சொல்வார்கள். இரண்டாவது வருஷத்தில் வரும். நாலாவது வருஷம் முடிகிறபோதும் அதே முகங்கள் அதே செட்டைக் கேட்டு வரும்.

"அக்கா, சி.ஏ. இருக்கா?"

"போன தடவ வாங்கினியே?"

"ஹாஸ்டல்ல ஒருத்தன் சுட்டுட்டான்க்கா. அவனும் கப்பு, நானும் கப்பு."

ஃபெயிலானால் அவர்கள் பாஷையில் கப்பு.

"இந்தத் தடவையாவது படிச்சிப் பாஸாவுடா."

"படிச்சாலாம் பாஸாவ முடியாதுக்கா இதுல. மனப்பாடம் பண்ணாத்தான் ஆவ முடியும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

என் தங்கைக்கும் அதில் கப்பு. இரண்டு தடவை. மற்ற பாடம் எல்லாம் முடித்துவிட்டாள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு காலேஜில் படித்தாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்தவள் அவள் ஒருத்திதான். கடைசி வருஷத்தில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து ஆள் எடுத்தார்கள். அவளையும் எடுத்தார்கள். லெட்டர் வந்தது. ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்குள் ஒரு பாடமும் பாக்கி இருக்கக் கூடாது. லெட்டரில் அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அது 2009. ஏப்ரலில் பரீட்சை. அதை விட்டால் அடுத்தது நவம்பரில்தான்.

அம்மா இறால் உரிக்கப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பாள். அந்த மாதம் பாடத்தின் பெயரையே எழுதச் சொன்னாள். பாஸ்டர் ஐயா ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களை எல்லாம் முடித்துவிட்டு, அந்தச் சீட்டை எடுத்து, கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் என்று நிறுத்தி நிறுத்திப் படித்து ஜெபம் பண்ணினார். தங்கை தலையைத் தூக்கவே இல்லை.

காலேஜ் விட்டு மத்தியானம் கடைக்கு வந்துவிடுவாள். இரண்டிலிருந்து மூன்றரை வரை எங்களுக்குக் கூட்டம் இருக்காது. தாள் கட்டுகள் மேல் உட்கார்ந்து ஒப்பிப்பாள். நான் செட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். அர்த்தம் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல விரலை வரியில் வைத்து நகர்த்திக்கொண்டே போவேன். ஒரு சொல் விட்டால் நிறுத்துவேன்.

"இஸ் விட்டுட்ட."

"இஸ் இல்லன்னா ஒண்ணும் ஆவாதுக்கா."

"இதுல இருக்கு. சொல்லு."

"நீ மட்டும் டீச்சரா இருந்திருந்தா பாதிப் பேரு ஸ்கூல விட்டே ஓடியிருப்பாங்க."

"பாதிதானே. சொல்லு."

பன்னிரண்டு நாளில் மூன்று யூனிட் முடித்தாள். பிறகு வகுத்தல் வந்தது. கம்ப்யூட்டர் ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் எப்படி வகுக்கிறது என்று பதினாறு மார்க் கேள்வி. அடிக்கடி வருகிற கேள்வி. சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"அக்கா, இங்க என்னமோ ஒட்டல."

"என்னா ஒட்டல?"

"ஏ-ல இருந்து எம்-ஐக் கழிக்கணும். கழிச்சி மைனஸ் வந்தா, இதையே மறுபடி மறுபடி செய்யணும்னு இருக்கு. மைனஸ் வந்தா என்னா பண்றதுன்னே சொல்லல. வரலன்னா என்னான்னும் சொல்லல."

நான் பக்கத்தைப் பார்த்தேன். நாற்பத்தொன்று முடிந்தது. அடுத்தது நாற்பத்திரண்டு.

"சரியாத்தானே இருக்கு. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு."

"பக்கம் சரிக்கா. விஷயம் ஒட்டல. குதிக்கிற மாதிரி இருக்கு."

"உன் கூடப் படிக்கிறதுங்கள கேட்டியா?"

"கேட்டேன். செட்டுல அப்படித்தான் இருக்குன்றாளுங்க."

"அப்புறம் என்னா? எழுதினது யாரு? காலேஜ் ஃபர்ஸ்ட்டு. நீ ரெண்டு தடவ கப்பு. அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிரப் போவுது? இருக்கிறத இருக்கிற மாதிரி சொல்லு."

சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் குரல் தட்டியது. திரும்பச் சொல்லச் சொன்னேன். நாலு தடவை சொல்ல வைத்தேன். நாலாவது தடவை தடங்கல் இல்லாமல் வந்தது. எனக்குத் திருப்தி.

பரீட்சை அன்றைக்கு இரண்டு மணிக்குக் கடைக்கு ஓடி வந்தாள். வாசலிலேயே சொன்னாள்.

"வந்துட்சுக்கா. வகுத்தல் வந்துட்சு."

"முழுசா எழுதினியா?"

"ஒரு வார்த்த விடல."

முதலாளியிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் போய் பரோட்டா சாப்பிட்டோம்.

ஜூன் முதல் வாரம் ரிசல்ட். பக்கத்தில் பிரவுசிங் சென்டர். அன்றைக்கு உள்ளே நிற்க இடம் இல்லை. நான் வெளியே நின்றேன். அவள் வெளியே வந்து நாற்பத்தாறு என்றாள். ஐம்பது வேண்டும். கடைக்குத் திரும்பினதும் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். நான் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்த தாளை வாங்கி வாங்கி அடுக்கிக் கொடுத்தாள்.

எழுதின பேப்பரின் காப்பியைக் கேட்டால் யூனிவர்சிட்டியில் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டு, மார்க் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால், மறுபடி திருத்தக் கேட்கலாம். அந்தப் பாடம் எடுக்கிற சார் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிப் போட்டோம்.

காப்பி வர ஜூன் கடைசி ஆகிவிட்டது. நேராகக் கடைக்குக் கொண்டு வந்தாள். யாரோ டோனர் தீரப்போகிற மெஷினில் எடுத்திருந்தார்கள். எழுத்து வெளுப்பாக இருந்தது. வகுத்தல் கேள்விக்குப் பதினாறுக்கு அஞ்சு.

"நீயே கேட்டல்லக்கா? நான் ஏதாவது விட்டனா?"

மாஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இடது கை விரல் மாஸ்டரில், வலது கை விரல் அவள் பேப்பரில். சொல் சொல்லாகப் பார்த்தேன். இஸ்கூட விடவில்லை. புள்ளி, கமா எல்லாம் இருந்தது.

"எவனோ தூங்கிகினு திருத்தியிருக்கான்" என்றேன்.

அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலு மார்க்தானே வேண்டும். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு தாளை நீட்டினால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் அரை நாள் லீவு கேட்டேன். ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் ஓடுகிற நாள். கடையில் கூட்டம் இல்லை, முதலாளி விட்டுவிட்டார். டவுனுக்குள் பஸ் வரவில்லை. புவனகிரி ரோடு வரைக்கும் நடந்து போய் ஏறினேன். மாஸ்டரை பிளாஸ்டிக் கவரில் போட்டு மாரோடு பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் ஒரு தாள் மடங்கக் கூடாது என்று பயம்.

காலேஜுக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவை போனேன். தங்கை கேட்டில் நின்றாள். ஸ்டாஃப் ரூமில் சி.ஏ. எடுக்கிற சார் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். என் வயசுதான் இருக்கும். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சார், இவ எழுதினதும் இதுல இருக்கிறதும் ஒண்ணு. ஒரு வார்த்த மாறல. நானே பார்த்தேன். அஞ்சு மார்க் போட்டிருக்காங்க."

"நீங்க யாரும்மா?"

"இவ அக்கா. ஜெராக்ஸ் கடையில இருக்கேன்."

"ஸ்டேஷன் ரோடா? அந்த செட்டா?" சிரித்தார். "என் கிளாஸ்ல நான் நடத்துறதவிட உங்க கடைய நம்புற பசங்கதான் ஜாஸ்தி. குடுங்க பாப்போம்."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதலில் தங்கை எழுதினதைப் படித்தார். பிறகு மாஸ்டரைப் படித்தார். நாற்பத்தொன்றைப் படித்து, திருப்பி, நாற்பத்திரண்டைப் படித்து, மறுபடி நாற்பத்தொன்றுக்கு வந்தார். தாளின் ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் தினமும் அப்படித்தான் தேய்ப்பேன்.

"நடுவுல ரெண்டு பக்கம் காணோமேம்மா."

"இல்ல சார். நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு. வரிசையா இருக்கு."

"நம்பர் வரிசையா இருக்கு. கணக்கு வரிசையா இல்ல. கழிச்சி மைனஸ் வந்தா, கழிச்சதத் திருப்பிக் கூட்டிடணும். ஒரு சைபர் போடணும். வரலன்னா ஒண்ணு போடணும். இந்தக் கேள்வியே அதுதான். அதுவும் இல்ல, படமும் இல்ல. யாரு இந்த நம்பர் போட்டது?"

"நான்தான் சார்."

அவர் என்னைப் பார்த்தார். டிபன் பாக்ஸை மூடினார்.

"மூணு வருஷமா பேப்பர் திருத்தப் போறேன். ஒரு கட்டுக்குப் பத்துப் பேராவது இதே மாதிரி எழுதியிருப்பாங்க. மைனஸ் வந்தா மறுபடி செய். மைனஸ் வந்தா மறுபடி செய். எங்கருந்துடா வருது இதுன்னு நாங்க படிச்சிப் படிச்சிச் சிரிப்போம். இங்கருந்துதான் வருதா?" பிறகு குரலைத் தணித்து, "அஞ்சு போட்டதே பெரிசும்மா. நானா இருந்தா மூணு. நான் இதுல கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"நீ நல்லாத்தானே படிப்ப? படிக்கும்போது ஒனக்கே தோணலியா?"

"தோணுச்சு சார்."

"அப்புறம்?"

அவள் மேசையில் இருந்த தன் பேப்பரை எடுத்து மடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் மாஸ்டரை வாங்கி மறுபடி கவரில் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நின்றோம். இரண்டு பஸ் நிற்காமல் போனது.

"விடுக்கா" என்றாள். "நாலு மார்க்கு. வேற கேள்வியில வாங்கியிருக்கலாம்."

அதற்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணி குடிக்கிறியா என்று கேட்டேன்.

பிறகு யோசித்தபோது எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த நோட்டு வந்தது மூன்று வருஷம் முன்னால், ஐப்பசி மழையில். படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பெண். அவள் அப்பா கடை வாசலில் குடையோடு நின்று, ரயிலுக்கு நேரமாச்சும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தாளெல்லாம் ஈரம் குடித்திருந்தது. வேகமாகத் திருப்பினேன். இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பியிருக்கிறேன். நோட்டில் பக்க எண் இல்லை. அவர்கள் போன பிறகு சாவகாசமாக உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் கீழ் மூலையில் எண் போட்டேன். செட் கலைந்தால் அடுக்க வசதி. எல்லா மாஸ்டருக்கும் அப்படித்தான் செய்வேன். நம்ம கடை செட்டுல பக்கம் மாறாது என்று முதலாளி சொல்லிக்கொள்வார். எண் போடாமல் விட்டிருந்தால் ஒருவராவது சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பொண்ண பெங்களூர்ல எங்கன்னு போய்த் தேடுவ? யாரும் வந்து சண்ட போடலல்ல? போடும்போது பாத்துக்கலாம்."

"பசங்க ஃபெயிலாவுறாங்க."

"அதுல எப்பவும் ஃபெயில்தாம்மா. நம்ம செட்டு வர்றதுக்கு முன்னாடி எல்லாம் பாஸாவா ஆனாங்க?"

அவர் சொன்னதும் பொய் இல்லை. நான் மாஸ்டரை எடுத்து அடித் தட்டில் பழைய டோனர் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். அதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும். அதற்குப் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். இவனுக்குக் கொடுத்தேனா, இவளுக்குக் கொடுத்தேனா. கேட்க வாய் வராது. கேட்டும் என்ன செய்ய.

தங்கை கம்பெனிக்குப் போன் பண்ணினாள். எல்லாம் முடித்த பிறகு மறுபடி அப்ளை பண்ணுங்கள் என்று ஒரு பெண் மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள். நவம்பரில் எழுதிப் பாஸானாள். அப்ளை பண்ணினாள். பதில் இல்லை. இப்போது பண்ருட்டியில் முந்திரி ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறாள்.

இதற்கெல்லாம் முன்னால், ஆகஸ்ட் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவளும் என்னோடு பஸ் ஏறினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருந்தால் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு அவள் சென்னையில் இருந்திருக்க வேண்டும். பத்து மணிக்குக் கடையில் தாள் கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த செட்ட எடுக்கா."

எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வாய் அசையவில்லை. அந்தப் பாடத்தை அவள் வாய் அசையாமல் படித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுநடுவே ஒரு தாளில் எதையோ போட்டுப் பார்த்தாள், அடித்தாள், மறுபடி போட்டாள். பதினொன்றரைக்கு நிமிர்ந்தாள்.

"அறுவத்தாறுலயும் போயிருக்குக்கா. அங்கயும் ரெண்டு பக்கம்."

"வேற?"

"வேற இல்ல. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

நான் யாருடைய ரேஷன் கார்டையோ கண்ணாடி மேல் வைத்து மூடினேன்.

ஒரு பையன் வந்தான். பேக்கில் காலேஜ் பேர் போட்டிருந்தது. இரண்டாவது வருஷம்தான் இருக்கும்.

"அக்கா, சி.ஏ. செட்டு ஒண்ணு."

"இல்லப்பா" என்றேன்.

"இதோ வெச்சிருக்காங்களே."

தங்கை சொன்னாள், "இதுல ரெண்டு எடத்துல பக்கம் இல்ல. இத நம்பிப் படிக்காத. புக்கு வாங்கிப் படி."

"சீனியருங்கல்லாம் இதத்தானே படிச்சாங்க?"

"அதான் சொல்றேன்."

"புக்குலாம் எங்க ஊருல எருமைக்கு வெக்கிற தலகாணி சைஸ்ல இருக்குதுக்கா. எப்ப படிச்சி எப்ப பாஸாவுறது? எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா எல்லாருக்கும் மார்க் போட்டுத்தான ஆவணும்? குடுங்க."

"இல்லன்னு சொல்றேன்ல" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல. அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனான். அங்கேயும் அந்தச் செட் உண்டு. எங்களிடம் ஆளை விட்டு ஒன்று வாங்கி, அதையே மாஸ்டராக வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் நாலு கடையிலும் உண்டு. அதைத் தடுக்க என்னால் ஆகாது.

தங்கை எழுந்து செருப்பை மாட்டினாள். ஒரு லாரி போகும் வரை நின்று, ரோட்டைத் தாண்டினாள். எதிர்க் கடை வாசலில் அவனிடம் பேசுவது தெரிந்தது. கையை நீட்டி நீட்டி ஏதோ சொன்னாள். கழிப்பது, கூட்டுவது என்று விரலால் காற்றில் போட்டுக் காட்டினாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அப்புறம் ஏதோ சொன்னான். அவள் கை நின்றுவிட்டது. திரும்பி வந்தாள்.

"என்னா சொன்னான்?"

"நீங்க பாஸாக்கான்னு கேட்டான்."

"நீ என்னா சொன்ன?"

"என்னாத்த சொல்றது? வந்துட்டேன்."

எதிர்க் கடையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. மூடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஒவ்வொரு பக்கத்துக்கும் போய்ப் போய் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரிய செட். முடிய நேரம் ஆனது.